சிப்டிங் ரூம் கேக்

“அத்தை, நான் சிப்டிங் பண்ணட்டுங்களா?”

பாப்பா இதைக் கேட்டபோது நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள்கரு கிண்ணத்துக்குப் போகாமல் என் பாவாடையில் இறங்கியது.

கேட்டவள் என் தங்கை. ஐந்தரை வயது. கோத்தகிரி டவுனில் நான் படித்துக்கொண்டிருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அவளைக் கூட்டிப்போயிருந்தார்கள். ஆப்பிள் படத்தைக் காட்டினார்கள், பார்த்தாள். பந்தைக் காட்டினார்கள், அதையும் பார்த்தாள். வாய் மட்டும் திறக்கவே இல்லை. “கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சு இன்னொரு தரம் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இன்னொரு தரமும் இப்படியே ஆனால் மேட்டுப்பாளையத்தில் மாமா ஊட்டில் விட்டு அங்கேயே படிக்கவைப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மாமா ஊட்டில் அவளுக்கென்று ஒரு பாய்கூட வாங்கி வைத்தாயிற்று. அதை அவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும். பத்து வயதான எனக்குத் தெரிந்தது அவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றான எங்கள் லைன் ஊட்டில் நடுவே இருந்தது ஒரே ஒரு பலகைத் தடுப்புதான்.

அப்பேர்ப்பட்டவள் வாயில் ‘சிப்டிங்’.

எஸ்டேட்டில் வளர்ந்த உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். இருபத்தைந்தைத் தொடப்போகிற நம் கூட்டத்தில் அந்த வார்த்தை தெரியாதவர் யார்? எங்கள் அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் சிப்டிங் ரூமில் வேலை. காய்ந்து வருகிற தேயிலை அங்கேதான், ஆடிக்கொண்டே இருக்கும் வலைகளின்மேல் ஓடி, பெரிசு சிறிசு டஸ்ட் என்று பிரியும். வேலை முடிந்து வருகிறபோது அப்பாவின் புருவத்தில், காது மடலில், சட்டைக் காலர் மடிப்பில் பழுப்பாய்த் தூள் படிந்திருக்கும். பாப்பா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். ஃபேக்டரியில் கிழிந்து கழித்துப்போட்ட பொடிக்கண் வலை ஒன்றில் நல்ல துண்டாக வெட்டி, மரச்சட்டம் அடித்து, அப்பா பக்கத்து ஊட்டு அத்தைக்கு ஒரு சல்லடை செய்துகொடுத்திருந்தார். அதில்தான் அத்தை அன்று மைதா சலித்துக்கொண்டிருந்தார். பாப்பா அந்த வலையைப் பார்த்தாள், வேலையைப் பார்த்தாள், வேலைக்குப் பெயர் சொன்னாள்.

“பாப்பா, இப்ப நீ சொன்னது இங்கிலீஷ்” என்றேன்.

“இல்ல. அது அப்பா வேலை” என்றாள்.

அந்த நிமிடம் என் மண்டைக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. இத்தனை வருடம் கழித்து, பி.எட். எல்லாம் முடித்து, பெரிய பெரிய முறைகளுக்கெல்லாம் பெயர் மனப்பாடம் செய்த பிறகும், அந்தச் சின்ன வயதில் அத்தை சமையலறையில் தோன்றியதைவிட நல்ல யோசனை எனக்கு இன்னும் வரவில்லை. பெருமையடிக்கிறேன் என்றால் அடித்துக்கொள்கிறேன். உண்மை அதுதான்.

*

அத்தை எங்களுக்கு ரத்த சொந்தம் இல்லை. சிலோனிலிருந்து வந்த குடும்பம். கீழ் கோத்தகிரிச் சரிவில் எங்கள் லைனில் இரண்டே கிறிஸ்தவக் குடும்பங்கள், அதில் ஒன்று. நாமெல்லாம் கேக் போடுவோம், சுடுவோம். அத்தை கேக் ‘அடிப்பார்’. டிசம்பர் பிறந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் முழுவதற்குமாக ஒரே பெரிய பேசினில் மாவு கலக்குவது அவர் வைத்த வழக்கம். எந்த ஊட்டுக்காரர் எந்தச் சாமி கும்பிட்டாலும் ஒரு டின் உண்டு. ஒருவர் முட்டை, ஒருவர் சர்க்கரை, ஒருவர் வெண்ணெய் என்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அத்தை சபையில் மது ஆகாது. அதனால் உலர்ந்த திராட்சையையும் ஆரஞ்சுத் தோலையும் பால் சேர்க்காத கெட்டியான பிளேன்டீயில் ஊறப்போட்டிருப்பார். மூடியைத் திறந்தால் பட்டை, கிராம்பு, சாயம் எல்லாம் சேர்ந்து கண்ணில் ஏறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இரண்டு வாரம் ஒத்திகை மாதிரி நடக்கும்: முந்திரி உடைப்பது, தோல் நறுக்குவது, சர்க்கரை இடிப்பது, பதம் பார்க்கக் கொஞ்சமாய் மாவு கலக்குவது. லைன் பிள்ளைகள் எல்லோரும் அத்தை ஊட்டில்தான். நான் சட்டம் போட்டேன். “இனிமேல் தமிழ்ல சொன்னா யாரும் எதையும் தொடக் கூடாது. இங்கிலீஷ்ல சொல்றவங்களுக்குத்தான் டர்ன்.”

“ஏன்டி, கேக் அடிக்கிற ஊட்டில என்னடி கோர்ட்டு வைக்கிறாய்?” என்றார் அத்தை.

“விளையாட்டுதாங்க அத்தை.”

“முட்டையைப் பாவாடையில ஊத்தாம விளையாடு.”

எனக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் இறக்கினேன். கலக்குவது மிக்ஸ், கிளறுவது ஸ்டிர், ஊற்றுவது போர், பிசுபிசு என்று ஒட்டுவதற்கு எனக்கே வார்த்தை தெரியாததால் பள்ளியில் மிஸ்ஸிடம் கேட்டுவந்து ‘ஸ்டிக்கி’ என்று சொல்லிக்கொடுத்தேன். ஸ்டிக்கி வந்த அன்றைக்கு எல்லோர் கையும் ஸ்டிக்கி, கதவு ஸ்டிக்கி, அத்தை ஊட்டுப் பூனைகூட ஸ்டிக்கி. பாப்பாவுக்கு ஆசையெல்லாம் கடைசி வார்த்தை மேல்தான்: லிக். பேசினின் ஓரத்தை வழித்து நக்குகிற டர்ன். அதற்காக மற்ற எல்லா வார்த்தைகளையும் அவள் ஒரு கடனைப்போல் கடகடவென்று சொல்லித் தீர்த்தாள்.

பிறகு வார்த்தைகள் அத்தை ஊட்டைவிட்டு வெளியே கிளம்பின. குழாயடியில் குடம் நிறையும்போது பாப்பா, “ஃபுல்! ஃபுல்! ஸ்டாப்!” என்று கத்துவாள். கோழியைத் துரத்திக்கொண்டே “வெயிட்!” என்பாள். அது நிற்காது. அப்பா சூடாக டீ குடித்தால், “ஹாட். நோ டச்” என்று டம்ளருக்குக் காவல் நிற்பாள்.

அப்பா மட்டும் அந்த இரண்டு வாரமும் அத்தை ஊட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஏலக்காய் நசுக்கிய கையோடு சிப்டிங் ரூமுக்குள் போனால் அன்றைய தூள் முழுக்க ஏலக்காய் டீ. அதனால் வெளியே நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, தன் சட்டையைத் தானே மோந்துகொள்வார்.

“ஏம்புள்ள, என்ற மேல ஸ்மெல் அடிக்குதா?”

“ஸ்மெல்! அப்பா ஸ்மெல் சொல்லிட்டாங்க! அப்பாக்கு டர்ன்!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்துக்கொண்டே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

*

அம்மா சிரிக்கவில்லை. பாப்பாவுக்காக லைன் கோடியில் ஒரு டியூசன் வைத்திருந்தார். டியூசன் சார் நல்ல மனிதர்தான். ஆனால் குச்சியை மேசைமேல் தட்டித் தட்டித்தான் பேசுவார். அந்தச் சத்தத்துக்கே பாப்பா உள்ளே சுருண்டுவிடுவாள். ஒரு சாயங்காலம் அவர் அம்மாவைக் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணுக்கு இங்கிலீஷ் ஏறாதுங்க. எதுக்குக் கஷ்டப்படறீங்க, தமிழ் மீடியத்துல போட்டுருங்க” என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா இலை பறித்துவிட்டு வந்த ஈரத்தோடு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், நேராக அத்தை ஊட்டுக்குள் வந்தார்.

“நான் ஹாப் டே லீவு போட்டு, சூப்பர்வைசர்கிட்டப் பேச்சு வாங்கி, ஓவர்டைம் எல்லாம் உட்டுப்போட்டு, இவளை டியூசனுக்கு இழுத்துட்டுப் போறேன். நீங்க இங்க ப்ரீயா கேக் கிளறிட்டிருக்கீங்களா? எந்திரி, போலாம்.”

பாப்பா எந்திரிக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, கண்ணை அகல விரித்து, “அக்கா… அம்மா இங்கிலீஷ் பேசுது!” என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அம்மாவுக்கு முகம் சிவந்தது. தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவர் மூன்று நாள் அத்தை ஊட்டுப் பக்கம் விடவே இல்லை.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அம்மா தன் வாயில் இருந்ததை இங்கிலீஷ் என்று நினைக்கவே இல்லை. லீவு, ஓவர்டைம், லோடு, கேஸ், பென்ஷன் எல்லாம் வேலை. இங்கிலீஷ் என்பது வேறே, அது டவுனில் இருக்கிறது, அதை மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பேசுவார்கள். அப்பாவும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஐம்பது இங்கிலீஷ் வார்த்தை பேசிவிட்டு, “எனக்கு ஏதுங்க இங்கிலீஷு” என்பார். பாப்பா அவர்கள் பிள்ளைதானே. அவளும் அப்படியே நம்பினாள்.

கடைசியில் அத்தைதான் வந்து கேட்டார். “ஞாயித்துக்கிழமை மாவு கலக்க ஆள் வேணும். உங்க டின்னுக்கும் சேர்த்துத்தான் கலக்குறன். பிள்ளைகளை விடுங்க.” பொது பேசினுக்குக் கை அனுப்பமாட்டேன் என்று லைனில் யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

*

லைனுக்குள் பேசுவாள், லைனுக்கு வெளியே வாயைத் திறப்பாளா? நடுவில் ஒரு நாள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், “வாட் இஸ் யுவர் நேம்?” என்று கன்னத்தைக் கிள்ளினார். பாப்பா மறுபடி அந்த ஆப்பிள் பார்வை பார்த்தாள்.

எங்கள் யார் ஊட்டிலும் ஓவன் கிடையாது. கலக்கிய மாவை டின்களில் ஊற்றி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுன் பேக்கரிக்குப் போக வேண்டும். பால்பவுடர் டின், ரொட்டி டின், பிஸ்கெட் டின். எது யாருடையது என்று தெரிய, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஊட்டுப் பிள்ளையும் மாவுக்கு மேலே ஓர் அடையாளம் பதித்திருந்தோம். ஒருவருக்கு முந்திரி வட்டம், ஒருவருக்குத் திராட்சைக் கோடு, எங்கள் டின்னுக்கு ஆரஞ்சுத்தோல் நட்சத்திரம். வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது மாவு ஒரு பக்கம் ஏறும். “ஸ்லோ! ஸ்லோ!” என்று பாப்பா டின்னுக்குச் சொன்னாள். டிரைவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தார்.

பேக்கரியில் நமக்கென்று தனியாக விறகு வைக்க மாட்டார்கள். வர்க்கி பிஸ்கெட் இறக்கிய பிறகு அடுப்பில் தங்கியிருக்கிற சூட்டிலேயே கேக் வேக வேண்டும். அதனால் அவசரப்படுத்தவே முடியாது. வெளியே பனிமூட்டம் கடைவாசல்வரை வந்துவிட்டது. உள்ளே வர்க்கியின் நெய் வாசனை. பேக்கரி அண்ணன் நீளமான மரத் துடுப்பால் எங்கள் டின்களை உள்ளே தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தினார். பாப்பா அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

“அக்கட்டால போ கண்ணு, சுட்டுரும்.”

“ஹாட்” என்றாள் பாப்பா.

அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். “ஆமா. வெரி ஹாட்.”

“நோ டச்.”

“ஆமாங்க அம்மணி, நோ டச்.”

கொஞ்ச நேரம் கழித்து, “ரெடி?” என்றாள்.

“நோ ரெடி.”

“வெயிட்?”

“வெயிட், வெயிட்.”

தெரியாத மனிதரோடு பேசுகிறாள்! அது தெரியாத மனிதர் என்பதையே மறந்துவிட்டாள். அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே கேள்விதான் இருந்தது: வெந்ததா, இல்லையா. கேட்காமல் எப்படி இருக்க முடியும்? அன்று சாயங்காலம் அவர்கள் இருவரும் அந்த நாலு வார்த்தையை வைத்து எத்தனை தரம் பேசினார்கள் என்று கணக்கே இல்லை.

டின்கள் வெளியே வந்தபோதுதான் எங்கள் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. மாவு உப்பி எழும்பி எல்லா அடையாளத்தையும் விழுங்கியிருந்தது. நட்சத்திரமும் இல்லை, கோடும் இல்லை. எல்லாம் ஒரே பழுப்பு. டின்னை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அண்ணன் ஏற்கெனவே கேக்குகளைக் கவிழ்த்துத் தட்டில் அடுக்கிவிட்டார். சண்டை ஆரம்பித்தது. இது என்னது, இல்லை என்னது, எங்க ஊட்டுதுதான் பெரிசு! யாரோ அழக்கூட ஆரம்பித்தார்கள்.

பாப்பா ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். “ஆல் சேம்!” என்றாள். “ஒரே பேசின்தானே? ஆல் சேம்!”

அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

*

ஜனவரியில் போனோம். அப்பா ரேஷன் கார்டு உறையில் எல்லா பேப்பரையும் வைத்துக்கொண்டு, தேய்த்த சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டார். “நீயும் வா. அவங்க இங்கிலீஷ்ல என்னைக் கேட்டா நீதான் சொல்லோணும்.”

பிரின்சிபாலை நாங்கள் பெரிய மிஸ் என்போம். கண்டிப்பு, ஆனால் குரல் மெதுவாக இருக்கும். அதே ஆப்பிள் அட்டை வந்தது. பாப்பா அதே பார்வை பார்த்தாள். அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். என் காதுக்குள் மேட்டுப்பாளையம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

பெரிய மிஸ் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “ஃபாதர், வாட் வொர்க் டு யூ டூ?”

“பேக்டரியிலங்க… சிப்டிங்.”

“சிஃப்டிங்? வாட் டு யூ டூ தேர், எக்ஸாக்ட்லி?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். பெரிய மிஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அப்பா தரையைப் பார்த்தார். காது மடல் ஓரத்தில், எத்தனை தேய்த்தும் போகாத அந்தப் பழுப்புத் தூள் கொஞ்சம் அப்போதும் இருந்தது.

பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து இறங்கினாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத சல்லடையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஷேக். ஷேக், ஷேக். ஸ்மால் கோ டவுன். பிக் ஸ்டே அப். அப்பா வொர்க்.”

அவள் அதோடு நிறுத்தவில்லை.

“தென் எக். பட்டர். மிக்ஸ். ஸ்டிர், ஸ்டிர், ஸ்டிர். போர். ஓவன் வெரி ஹாட். நோ டச். வெயிட்.”

பெரிய மிஸ் குழம்பிப்போனார். “எக் அண்ட் பட்டர்? இன் தி டீ?”

“நோ, மிஸ்!” எவ்வளவு அறியாமை என்பதுபோல் தலையில் கை வைத்துக்கொண்டாள் பாப்பா. “கேக்!”

பெரிய மிஸ் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி இறங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அண்ட் வென் த கேக் இஸ் ரெடி?”

“கட். கிவ், கிவ், கிவ். ஆல் சேம்.” கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தி, “லிக்” என்றாள்.

ஜூனில் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ் ஸ்டாண்டில் அப்பா தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் நிறுத்தினார். “ஏனுங்க, என்ற புள்ள என்ற வேலையை இங்கிலீஷ்ல சொல்லிப்போட்டா. ஆபீஸ்ல வெச்சு! பெரிய மிஸ்ஸுக்கே சொன்னாளுங்க!” சீட் கிடைத்ததை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. அது அவருக்கு இரண்டாம் பட்சம். அதுவரை கூச்சத்தோடு முனகிய ஒரு வார்த்தையை, மறுநாளிலிருந்து அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “நான் சிப்டிங்.”

மாமா ஊட்டுப் பாய் மாமா ஊட்டிலேயே கிடந்தது. 

*

அந்தச் சல்லடை இப்போது இல்லை. லைன் ஊடுகளுக்குக் கூரை மாற்றிய வருடம் சாமான்களோடு எங்கோ போனது. அத்தை தன் மகனோடு திருப்பூர் போய்விட்டார், டிசம்பரில் போன் செய்து, “மாவு அடிச்சிட்டியாடி?” என்று கேட்பார். பாப்பா கோயம்புத்தூரில் காலேஜ். என் இங்கிலீஷில் தப்புக் கண்டுபிடிப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு.

நான் நீலகிரியிலேயே எமரால்டு என்ற ஊரில் ஒரு பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. காய்கறித் தோட்டக்காரர்களின் பிள்ளைகள். இங்கே தேயிலை சிப்டிங் செல்லாது. என் வகுப்பில் ஒரு சின்னப் பெண். கேள்வி கேட்டால் அதே ஆப்பிள் பார்வை. போன வாரம் பள்ளி விட்டுப் போகும்போது கேரட் கழுவுகிற இடத்தில் அவளைப் பார்த்தேன். ஓடையருகே மெஷின் சுற்றுகிறது, சிவப்புச் சிவப்பாகக் கேரட் உருண்டு வருகிறது, இவள் சேற்றில் நின்றுகொண்டு டெம்போ டிரைவரை விரட்டுகிறாள்: “ரிவர்ஸ் வாங்கண்ணா, ரிவர்ஸ்! ஸ்ட்ரெயிட்! ஸ்டாப், ஸ்டாப்!” என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

“இப்ப நீ பேசுனது என்ன?” என்றேன்.

“ஒண்ணும் இல்லீங்க மிஸ். லோடு ஏத்தறோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அது அப்பா வேலை.

அதனால் வருகிற சனிக்கிழமை கேரட் கேக். வாஷ், பீல், கிரேட், மிக்ஸ். இங்கே பக்கத்தில் பேக்கரி இல்லை. குக்கரில் மணல் கொட்டி வேகவைப்பதாக யோசனை. இதுவரை இரண்டு தரம் செய்து பார்த்தேன். ஒன்று கரி, ஒன்று களி. மூன்றாவதுக்கு மேற்பார்வை பார்க்கப் பாப்பா வருகிறாள். அப்பாவும் வருகிறார்; ரிட்டயர் ஆகிவிட்டதால் இனி வாசனை ஒட்டினாலும் கேட்க ஆளில்லையாம், மாவில் கை வைத்தே தீருவாராம். புதிதாக ஒரு சல்லடைக்கு மரச்சட்டமும் அறுத்து வைத்திருக்கிறார்.

கேரட் கொண்டுவருவது அந்தச் சின்னப் பெண்ணின் பொறுப்பு. எவ்வளவு வரும் என்று நேற்று கேட்டேன். சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை.

“ஃபுல் லோடு, மிஸ்” என்றாள்.